பின்னோக்கி நடப்பவள்

ப்ரின் பின்னோக்கி நடக்கிறாள்.
முகம் கூட்டத்தின் பக்கம், குதிகால் நூலகத்தின் பக்கம்.
மணிக்குப் பதினேழு டாலர்.
தடுக்கி விழுந்தால் சிரித்துக்கொண்டே எழ வேண்டும்
என்று பயிற்சியிலேயே சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள்:
"நீங்கள் இங்கே வரும்போது" என்று வாய் தவறியும் சொல்லாதே.
"வந்தால்" என்பதுகூட வேண்டாம்,
அந்த 'ஆல்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு
வீடுவரைக்கும் தொங்கிக்கொண்டே போவார்கள்.
நாங்கள் இங்கே சாப்பிடுவோம்,
நாங்கள் இங்கே விடிய விடியப் படிப்போம்.
அவ்வளவு போதும்.

அவர்கள் மொழியில் நாமும் நாங்களும் ஒரே சொல்.
மழைக்கு ஒரே குடைக்குள் ஒண்டுவதுபோல்
முப்பத்தொரு பேரும் அதற்குள் ஒண்டி நடக்கிறார்கள்.
தமிழில் எழுதுகிற நான்தான்
ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது.

கடைசியில் வருகிறார் வெண்டல் திபடோ.
கனடா எல்லையோரம் உருளைக்கிழங்கு வயல்.
அறுவடை இயந்திரத்தை மைத்துனனிடம் விட்டுவிட்டு
இரவு இரண்டு மணிக்குக் கிளம்பியவர்.
அவர்கள் ஊரில் கிழங்கு தோண்டப் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை;
அதில் மிச்சமிருந்த கடைசி வெள்ளிக்கிழமை இது.
மகள் கோரின் நான்கடி முன்னால்,
அவரைத் தெரிந்தவள் போலவும் தெரியாதவள் போலவும்.
நகக்கண்ணில் இன்னும் மண்.
விரல்களைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொள்கிறாள்.

கேள்விகள் வருகின்றன.
ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்?
வயலின் வாசித்து அனுப்பினால் கேட்பார்களா, முழுதாகவா?
பேனா மூடியைக் கடித்தபடி ஒரு தாய்:
நூறு பேரில் எத்தனை பேர்?

நான்கு,
என்கிறாள் ப்ரின், பேருந்து எண்ணைச் சொல்வதுபோல.
எல்லோரும் ஒரு கணம் எல்லோரையும் எண்ணிக்கொள்கிறார்கள்.

வெண்டல் கையைத் தூக்குகிறார்.
கோரின் அவசரமாக ஒரு மரத்தைப் பார்க்கத் தொடங்குகிறாள்.
"இந்தப் புல்வெளியில் விழுகிற தண்ணீர்
எங்கே போகிறது?"

யாரோ சிரித்தார்கள்.
ப்ரின் நின்றுவிட்டாள்.
இரண்டு வருடம், இருநூறு சுற்று,
ஒருவரும் கேட்டதில்லை.
முதன்முறையாகக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி
அந்தப் புல்லைப் பார்த்தாள்.
"தெரியவில்லை.
மழை பெய்தால் நாம் எல்லோரும்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவோம்."

நாம் என்றுதான் எழுதுகிறேன்.
அவள் அப்படி நினைத்தாளா, தெரியாது.

நவம்பரில் சமையலறை மேசை.
தந்தை கடைசியாகப் பெற்ற பட்டம்?
பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள்.
'மற்றவை'யில் போடு, என்றார் வெண்டல்,
அடுப்பிலிருந்து திரும்பாமல்.
எண்பது டாலர் கட்டணம் எத்தனை மூட்டை என்று
அவர் கணக்குப் போடவில்லை;
போட்டு முடித்து ரொம்ப நாளாகியிருந்தது.

உன்னைத் தூங்கவிடாத கேள்வி எது?
இருநூற்றைம்பது சொற்களுக்குள்.
கோரின் தண்ணீரை எழுதினாள்.
அழித்தாள்.
நட்சத்திரங்களைப் பற்றி எழுதினாள், அழகாக வந்தது.
அதையே அனுப்பினாள்.

மார்ச் கடைசி, மாலை ஏழு மணி, திரையில் ஒரு கடிதம்.
நாங்கள் கவனமாகப் பரிசீலித்தோம்.
நாங்கள் வருந்துகிறோம்.
இந்த முறை எந்தச் சொல் என்று
நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வெண்டல் எட்டிப் பார்த்தார்.
இரண்டு தரம் படித்தார்.
"நல்ல காகிதத்தில் போட்டிருப்பார்கள், காகிதமாயிருந்தால்,"
என்றார்.
அவள் சிரித்ததற்கு அப்புறம்தான் அழுதாள்.

ஏப்ரலில் அங்கே மழை.
ப்ரின் பின்னோக்கி நடக்கிறாள், வேறு முப்பது பேர்.
புல்வெளி வந்ததும் நிற்கிறாள்.
"இந்தத் தண்ணீர் கிழக்கே போகிறது,
பழைய செங்கல் குழாய் வழியாக, ஆற்றுக்கு.
விசாரித்தேன்."

யாரும் குறித்துக்கொள்ளவில்லை.